உடைஞ்ச பாகத்தையும் தூக்கிப் போடாதீங்க! - ரேஸ் வீரர்கள் சொல்லிக்கொடுத்த பழைய கார் பாடம்

ஊட்டியில் கோடை சீசன் களைகட்டினால், பழைய கார்களும் ஷெட்டைவிட்டு வெளியே வந்துவிடும். பளபளக்கும் மோரிஸ் மைனர், வெள்ளை அம்பாசடர், குட்டி ஃபியட்... சுற்றி நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டம் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள்தான். 'எந்த வருஷத்து வண்டி?', 'மைலேஜ் என்ன கொடுக்குது?', 'என்ன விலைக்குக் கொடுப்பீங்க?'

நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. 'இதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்குது?'

பழைய கார் வைத்திருப்பவரின் தூக்கத்தைக் கெடுப்பது அந்த நான்காவது கேள்விதான். பணம் இருந்தால் பழைய காரை வாங்கிவிடலாம். ஆனால் உற்பத்தி நின்று 40 வருடமான ஒரு காரின் டெயில் லைட் கண்ணாடியைப் பணத்தால் மட்டும் வாங்க முடியாது. அது எங்கேயாவது, யாராவது ஒருவரின் மரப்பெட்டிக்குள் இருந்தால்தான் உண்டு. அதனால்தான் நல்ல ஓட்டத்தில் இருக்கும் பல பழைய கார்களுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கார் இருக்கும். உதிரிக்காகவே வாங்கி, நட்டு போல்ட் வரை பிரித்து, ஷெட்டின் மூலையில் அடுக்கிவைத்த கார்.

காரைச் சேர்ப்பதைவிட அதன் பாகங்களைச் சேர்ப்பதுதான் முக்கியம் என்பதைத் தமிழ்நாட்டில் அனுபவத்தில் உணர்ந்தவர்கள் ரேஸ் ஓட்டியவர்கள். அவர்களின் கதைக்குப் போகும் முன், ஒரு பழைய காருக்கு மலை என்னென்ன பரீட்சை வைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மலை வைக்கும் பரீட்சை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கல்லாறைத் தாண்டியதும் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36 வளைவுகள். இன்றைய கார்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 50, 60 வயதான காருக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு கேள்வித்தாள்.

முதல் கேள்வி ரேடியேட்டருக்கு. உயரம் கூடக் கூட தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைத்து, தண்ணீரை அவ்வளவு சுலபத்தில் கொதிக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அந்த மூடிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. பாதி மலையில் புகை கிளம்பும். கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் காஸ்கெட் போகும். சில ரூபாய் வளையத்தில் தொடங்கிய பிரச்னை, இன்ஜினைப் பிரிப்பதில் போய் முடியும்.

அடுத்த கேள்வி கார்புரேட்டருக்கு. ஊட்டியின் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். காற்று குறைகிறது. ஆனால், சமவெளிக்கு ஏற்ப அமைத்த கார்புரேட்டர் அதே அளவுக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. விளைவு, கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும். இன்றைய கார்களில் இதைக் கம்ப்யூட்டரே சரிசெய்துகொள்கிறது. பழைய காரில் மெக்கானிக்தான் 'ஜெட்' எனப்படும் துளையுள்ள சின்ன பித்தளைத் திருகைக் கழற்றி, சிறிய துளை உள்ளதாக மாற்ற வேண்டும். அந்த ஜெட் கையில் இருக்க வேண்டுமே!

ஏற்றத்தில் பெட்ரோல் பம்ப் சூடாகி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது இன்னொரு தலைவலி. பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருக்கும் அப்பாக்களை, 1980-களில் மலையேறிய குடும்பங்கள் இன்னும் மறந்திருக்காது.

இறக்கத்தில் பரீட்சை பிரேக்குக்கு. பழைய அம்பாசடரிலும் ஃபியட்டிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, பெடல் மிதித்தாலும் வண்டி நிற்க யோசிக்கும். இரண்டாவது கியரில் இன்ஜினின் பிடிப்பில் இறங்குவதுதான் மலை டிரைவர்களின் பழக்கம். அப்படி இறங்கினாலும், சக்கரத்துக்குள் இருக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். போதாததற்கு மூடுபனி. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினால் காலையில் வண்டி கிளம்பாது. பாடியின் அடித்தகட்டில் துரு சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கிவிடும்.

ரப்பர் வளையம், பித்தளைத் திருகு, வாஷர், மூடி. கவனித்தீர்களா? மலையில் ஒரு பழைய காரின் விதியைத் தீர்மானிப்பதெல்லாம் உள்ளங்கையில் அடங்கும் பொருட்கள்தான்.

சென்னையில் பிறந்த கார்கள்

இந்த பாகங்கள் ஏன் கிடைக்காமல் போயின? ஏனென்றால், அவற்றைச் செய்த ஃபேக்டரிகளே இன்று இல்லை, அல்லது அந்த வேலையை விட்டுவிட்டன.

இளம் வாசகர்களுக்கு ஆச்சர்யமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் கார் தயாரிப்பு, வெளிநாட்டு கம்பெனிகள் இங்கே வந்த 1990-களில் தொடங்கியது அல்ல. 1948-ல் உருவான அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. அதுதான் பிறகு லாரி, பஸ்களுக்குப் பெயர்பெற்ற அசோக் லேலண்ட் ஆனது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-ல் ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். முன்பக்க பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறந்துகொள்ளும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம்!

1970-களில் ஹெரால்டின் இடத்துக்கு 'கெஸல்' வந்தது. 1980-களின் நடுவில் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார் உற்பத்தியே நின்றுபோனது. மும்பையின் பிரீமியர் பத்மினி 2000-ஐ ஒட்டி விடைபெற்றது. கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் 2014-ல் நின்றது.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. பிரிட்டனில் ஹெரால்டு ரசிகர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தக் காரின் பல பாகங்களை அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதனால் இன்ஜின் பாகங்களுக்கு ஒரு வழி உண்டு. ஆனால் 4 கதவு ஹெரால்டும் கெஸலும் இந்தியாவுக்காகவே செய்யப்பட்டவை. அவற்றின் பின்கதவையோ, கதவு ரப்பரையோ, கண்ணாடியையோ உலகின் எந்தக் கடையில் தேடினாலும் கிடைக்காது. இங்கே யாராவது எடுத்து வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வெளிநாட்டு ரோல்ஸ் ராய்ஸைவிட வண்டலூர் கெஸலுக்கு ஒரு கதவு தேடுவது கஷ்டம்!

கழற்றிப் பார்த்த கோவைக்காரர்

எடுத்து வைப்பது இருக்கட்டும். எதை எடுத்து வைப்பது என்று தெரிய, முதலில் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். அதற்குக் கோவையில் ஒரு முன்னோடி இருந்தார். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு.

இளைஞரான நாயுடு, ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கிய கதை ஊரறிந்தது. அதை வாங்குவதற்காகக் கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்தார். 3 ஆண்டுகள் வயிற்றைக் கட்டி 300 ரூபாய் சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டு, திரும்பப் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவர், பிறகு பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே உருவாக்கினார்.

அவர் குடும்பத்தின் முயற்சியில் கோவை அவினாசி சாலையில் 2015-ல் திறக்கப்பட்டது 'ஜீடி கார் மியூசியம்'. ஊட்டிக்குக் கோவை வழியாகப் போகிறவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். 1886-ன் பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரியிலிருந்து தொடங்கி, காரின் வளர்ச்சியை வரிசையாகப் பார்க்கலாம். குழந்தைகளைக் கூட்டிப்போனால் ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வொரு காரிலும் 'இந்தப் பாகம் இன்னைக்கு நம்ம காரில் எங்கே இருக்கு?' என்று தேடச் சொல்லுங்கள்.

சோழவரத்தின் வித்தை

கழற்றிப் பார்த்தவர்கள் வரிசையில் அடுத்து வருகிறவர்கள்தான் ரேஸ் வீரர்கள். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதுவே ரேஸ் மைதானம் ஆனது. கோண்டால் அரச குடும்பத்து வாரிசு முதல் விஜய் மல்லையா வரை வெளிநாட்டு ரேஸ் கார்களோடு வந்து இறங்கிய இடம் அது.

அவர்களுக்குச் சரி. மற்றவர்கள்? இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த காலம். புது ரேஸ் கார் கனவிலும் வராது. வீட்டில் இருந்த ஃபியட்டும் ஹெரால்டும்தான் ரேஸ் கார். ஒரு காரின் இன்ஜின், இன்னொன்றின் கியர்பாக்ஸ், மூன்றாவதன் ஸ்டீயரிங் என்று ஒட்டவைத்து ஓடியவர்களும் உண்டு. ரேஸ் என்றால் பாகங்கள் உடையும். உடைந்தால் மாற்று வேண்டும். கடையில் கிடைக்காது. எனவே எதையும் எறியாமல் வைத்துக்கொள்வது பொழுதுபோக்கு அல்ல. அடுத்த ரேஸில் ஓடுவோமா, வேடிக்கை பார்ப்போமா என்பதே அதில்தான் இருந்தது.

அந்தத் தலைமுறை ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டது. பழக்கம் போகவில்லை. தேய்ந்த பிஸ்டன், விரிசல் விட்ட சிலிண்டர் ஹெட், பல் போன கியர் சக்கரம் எல்லாம் அப்படிப்பட்டவர்களின் ஷெட்டில் இன்னும் இடம் பிடித்திருக்கும். பார்ப்பவர்களுக்கு அது காயலான் கடை. அவர்களுக்கு அது நூலகம்.

மாருதி பாகத்தில் ரேஸ் கார்

'கிடைக்காத பாகத்தைத் தேடி அலைவதற்குப் பதில், எங்கும் கிடைக்கும் பாகத்திலேயே ரேஸ் காரைச் செய்தால் என்ன?' - இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் எஸ்.கரிவரதன். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். சோழவரத்தில் புகழ்பெற்ற ரேஸ் வீரர். கார்களை வடிவமைப்பதிலும் கில்லாடி. 

1983-ன் கடைசியில் வந்த மாருதி 800, சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவிவிட்டது. சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் அதன் இன்ஜின் அத்துப்படி. 796 சிசி, 3 சிலிண்டர் கொண்ட அந்த இன்ஜினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் திறந்த ரேஸ் காரை 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கினார் கரிவரதன். அதுதான் 'ஃபார்முலா மாருதி'. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் காரின் இன்ஜினே ரேஸ் மைதானத்திலும் உறுமியது. இன்ஜினில் ஏதாவது போனால் பாகத்துக்காகக் கப்பலை எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்துக் கடையில் கேட்டால் போதும்.

விளைவு பெரியது. அரச குடும்பங்களும் தொழிலதிபர்களும் மட்டுமே எட்டிப்பிடித்த ஃபார்முலா காரில், மற்ற இளைஞர்களும் உட்கார முடிந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக் வந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரர் ஆனார். அவர் அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயனும் ராலி சாம்பியன். 2010-ல் ஃபார்முலா 1-க்குப் போன சென்னையின் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான்.

இதையெல்லாம் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ல் வான்வழி விபத்து ஒன்றில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைச் சுமக்கிறது.

மலை ரயில் சொல்லும் சாட்சி

'எல்லாம் சரி, செய்த கம்பெனியே இல்லாதபோது ஒரு பழைய இயந்திரத்தை எத்தனை நாள் ஓட்ட முடியும்?' என்று கேட்பவர்களுக்கு, நீலகிரியிலேயே பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையில் பல் சக்கரத்தைப் பிடித்து ஏறும் நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. இன்று அங்கே ஆர்டர் கொடுத்து அந்த பாகங்களை வாங்க முடியாது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை, பழைய பாகங்களைப் பார்த்து அளவெடுத்து, புதிதாகச் செய்யக் கற்றுக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. 2011-ல் எண்ணெயில் ஓடும் ஒரு முழு நீராவி இன்ஜினையே புதிதாகச் செய்து மலைக்கு அனுப்பியது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்த ரயில், இப்படித்தான் உயிரோடு இருக்கிறது.

கார்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. கோவையின் லேத் பட்டறைகளும் பவுண்டரிகளும் செய்யாத உலோக வேலை இல்லை. ஸ்கேன் செய்து முப்பரிமாணத்தில் அச்சிடும் வசதியும் வந்துவிட்டது. ஆனால், எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். 'சாம்பிள் இருக்கா?' உடைந்திருந்தாலும் பரவாயில்லை, இரண்டு துண்டாக இருந்தாலும் பரவாயில்லை. அளவெடுக்க ஒன்று வேண்டும். வரைபடம் தொலைந்துபோன காருக்கு, உடைந்த பாகம்தான் வரைபடம். ரேஸ்காரர்களின் ஷெட்டுக்குள் இருப்பது குப்பை அல்ல என்பது இங்கேதான் புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய கார்களுக்கென்று 2021-ல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவு செய்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, அடிப்படை அமைப்பு மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றங்கள் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் இந்தப் பதிவில் தினமும் ஆபீஸுக்கு ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி.

50 வயது ஆகாத கார்களுக்கு வழக்கமான விதிதான். 15 ஆண்டு முடிந்த சொந்தக் கார் தகுதிச் சோதனையில் தேறினால், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கலாம்.

இன்னொரு புதிய சவால், 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய காரின் டேங்கில் துருவும், குழாயில் விரிசலும் வரலாம். ரப்பர் பாகங்களின் தேவை இனி இன்னும் கூடும்.

உங்கள் வீட்டில் தாத்தா கார் இருக்கிறதா?

ஷெட்டில் தூசி படிந்து நிற்கும் காரை எழுப்பும் ஆசை இருந்தால், இவற்றைக் கவனியுங்கள்.

* பல வருடம் நின்ற காரை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில், பழைய பெட்ரோல், ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றிய பிறகே சாவியைத் தொடுங்கள்.

* முதல் செலவு பெயின்ட்டுக்கு அல்ல, பிரேக்குக்கு. வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் வாஷர்கள், பிரேக் குழாய்களை மாற்றாமல் மலைப்பக்கம் போகவே வேண்டாம்.

* எதைக் கழற்றினாலும் அதற்கு முன் போனில் படம் எடுங்கள். கழற்றிய திருகுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

* மாற்றிய பழைய பாகத்தை மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்கி வையுங்கள். எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி வைத்தால் போதும்.

* ஆர்.சி. புத்தகம், பழைய இன்ஷூரன்ஸ், கார் வாங்கிய பில், கையேடு எதையும் தொலைக்காதீர்கள். அவையும் ஸ்பேர் பார்ட்ஸ்தான்.

* பாகம் தேடி சென்னை புதுப்பேட்டைக்குப் போனால், பழையதைக் கையோடு எடுத்துப்போங்கள். மாடலின் பெயரைச் சொன்னால் குழப்பம் வரலாம். பொருளைக் காட்டினால் வராது.

கடைசியாக ஒன்று. எந்த ஷெட்டிலும் அடுக்கிவைக்க முடியாத ஸ்பேர் பார்ட் ஒன்று இருக்கிறது. சத்தத்தை வைத்தே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லும் காதும், ஜெட்டை எத்தனை சுற்றுத் திருக வேண்டும் என்று தெரிந்த விரலும்தான் அது. அப்படிப்பட்ட மெக்கானிக்குகளில் பலருக்கு இன்று எழுபது வயதை நெருங்கிவிட்டது. அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, 'ஏன் அண்ணே இதை இப்படிப் பண்றீங்க?' என்று கேட்டு, பதிலை அந்த செல்ஃபி எடுக்கும் போனிலேயே வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். பாகத்தைப் பட்டறையில் செய்துகொள்ளலாம். அதைப் பூட்டத் தெரிந்தவர் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டால், கேட்பதற்கு வேறு கடை இல்லை.